கருத்தரங்க மேடையில் பெண் கருத்தாளர்கள்: புதிய ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரிக் கருத்தரங்க அழைப்பிதழ் ஒன்றை எடுத்து மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துப் பாருங்கள். வரவேற்புரை ஒரு பெண், தலைமையுரை, வாழ்த்துரை, மைய உரை மூன்றும் ஆண்கள், கருத்தாளர் அறிமுகம் இரண்டு பெண்கள், முதல் அமர்வு முதல் ஆறாம் அமர்வு வரை ஆண்கள், தொகுப்புரை முனைவர்பட்ட ஆய்வாளரான ஒரு பெண், நன்றியுரை மீண்டும் ஒரு பெண், பிறகு நாட்டுப்பண். பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், ஒருங்கிணைப்புச் செயலராக நான் அச்சிட்ட முதல் அழைப்பிதழ் இப்படித்தான் இருந்தது. அதைத் தயாரித்தவள் நான். மெய்ப்புப் பார்த்த இருவரும் பெண்கள். தாளில் ஐந்து பெண்களின் பெயர்கள் இருந்ததால் எங்கள் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அந்த ஐவருக்கும் சேர்த்து இரண்டு நாளில் கிடைத்த நேரம் அரைமணிகூட இல்லை என்பதைக் கருத்தரங்கு முடிந்து அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் கண்டேன். அன்று வந்த வருத்தம் இன்றும் ஆறவில்லை.

"இந்த ஆண்டு தேசியக் கருத்தரங்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மூத்தவர்கள் கோப்பைக் கையில் கொடுத்திருக்கும் இளம் ஆசிரியர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கலை அறிவியல் கல்லூரிகளின் கருத்தரங்குகளே எனக்கு நெருக்கமாகத் தெரிந்தவை என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். மேடையில் யார் பேசுவார்கள் என்பது, துறை அறையில் தேநீர் குடித்துக்கொண்டே "யாரையெல்லாம் கூப்பிடலாம்?" என்று முதல் பத்துப் பெயர்களை எழுதும் அரைமணி நேரத்தில் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது, அதற்குப் பிறகு செய்யும் திருத்தமெல்லாம் ஒட்டுப்போட்ட துணியாகவே தெரியும். ஆகவே உங்கள் உழைப்பின் பெரும்பகுதி அந்த அரைமணிக்கும் அதற்கு முந்தைய நாட்களுக்கும் போகட்டும்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

துறையில் கடந்த மூன்று ஆண்டுகளில் நடந்த நிகழ்ச்சிகளின் அழைப்பிதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணுங்கள். எண்ண வேண்டியவை மைய உரை, அமர்வுகளில் கருத்தாளர் ஆற்றும் உரை, அமர்வுத் தலைமை, கலந்துரையாடலில் பங்கேற்பு ஆகியவை மட்டுமே. வரவேற்புரை, நன்றியுரை, அறிமுகவுரை, தொகுப்புரை, குத்துவிளக்கு ஏற்றுதல் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவை மதிப்புக் குறைந்தவை என்பதற்காக இதைச் சொல்லவில்லை, ஒருவருடைய ஆய்வையும் சிந்தனையையும் அவையினர் கேட்கும் இடங்கள் அவையல்ல என்பதற்காகவே சொல்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவருக்கு ஒதுக்கிய நிமிடங்களையும் எழுதுங்கள். பெயர்களின் எண்ணிக்கையைவிட நிமிடங்களின் எண்ணிக்கை உண்மையைத் தெளிவாகச் சொல்லும்.

அடுத்து, அந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்வி வரும். உயர்கல்வி குறித்த அகில இந்தியக் கணக்கெடுப்பின் 2021-22 அறிக்கைப்படி, நாட்டின் உயர்கல்வி ஆசிரியர்களில் 43.4 விழுக்காட்டினர் பெண்கள். அறிவியல், பொறியியல் ஆய்வு நிறுவனங்களில் நிலைமை வேறு. இந்திய அறிவியல் மாநாடுகளில் பெண்களின் பங்கைக் கண்காணிக்க, வைஷ்ணவி அனந்தநாராயணன், ஸ்ருதி முரளிதர் என்னும் இரண்டு அறிவியலாளர்கள் 2020ஆம் ஆண்டில் தொடங்கிய பயஸ்வாட்ச்இந்தியா, அந்த நிறுவனங்களின் ஆசிரியர்களில் பெண்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவரே என்று கணக்கிட்டிருக்கிறது. உங்கள் துறைக்கு இந்த இரண்டில் எது பொருந்துமோ, அல்லது பல்கலைக்கழகப் பட்டியலிலிருந்து நீங்களே எண்ணி எடுக்கும் விகிதம் எதுவோ, அதுவே குறைந்தபட்ச அளவுகோல்.

இந்த இடத்தில் ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனெனில் "தற்செயலாக அப்படி அமைந்துவிட்டது" என்ற பதிலை நீங்கள் நிச்சயம் கேட்பீர்கள். நூற்றுக்கு 43 பேர் பெண்களாக இருக்கும் துறையிலிருந்து ஆறு பேரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தால், ஆறு சீட்டிலும் ஆண் பெயரே வருவதற்கான வாய்ப்பு நூற்றில் மூன்றரைதான். ஆறில் ஒருவரே பெண் என்ற துறையிலோ, ஆறும் ஆணாக வருவது மூன்று முறைக்கு ஒருமுறை நடக்கக்கூடியது. அந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் வைத்து யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே துறையில் தொடர்ந்து மூன்று ஆண்டு, பதினெட்டுப் பேரும் ஆண்களாகவே வருவதற்கான வாய்ப்பு நூற்றில் நான்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மூன்று ஆண்டு அழைப்பிதழ்களை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

திட்டக்குழுவில் யார் இருக்கிறார்கள்

அமெரிக்க நுண்ணுயிரியல் கழகத்தின் இரண்டு பெரிய மாநாடுகளில் 2011 முதல் 2013 வரை நடந்த 460 அமர்வுகளை ஆர்ட்டுரோ காசாதேவால், ஜோ ஹேண்டல்ஸ்மன் இருவரும் ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அமர்வை அமைக்கும் குழுவில் ஒரு பெண்ணாவது இருந்தால், ஆண்கள் மட்டுமே அமைத்த அமர்வுகளைவிடப் பெண் பேச்சாளர்களின் விகிதம் 72 விழுக்காடு கூடியிருந்தது. அந்தக் கணக்கைத் திட்டக்குழுவினரிடமே எடுத்துச் சொல்லி, ஆண்கள் மட்டும் உள்ள அமர்வுகளைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்ட பிறகு, 2015ஆம் ஆண்டுப் பொதுமாநாட்டில் பெண் பேச்சாளர்கள் 48.5 விழுக்காட்டை எட்டினார்கள்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. திட்டக்குழுவில் பெண்கள் இருக்க வேண்டும். உணவுக்குழு, வரவேற்புக்குழு, பதிவுக்குழு ஆகியவற்றில் இருப்பது இதற்கு ஈடாகாது. அதோடு, குழுவில் பெண்கள் இருந்தால் மட்டும் போதாது, எண்கள் அவர்கள் முன் இருக்க வேண்டும். என் முதல் அழைப்பிதழைப் பெண்களே தயாரித்தோம் என்று மேலே சொன்னேன் அல்லவா? எங்களிடம் எண் இருக்கவில்லை.

பெயர்ப் பட்டியல்

முதல் கூட்டத்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கூட்டத்தில் "பெயர் சொல்லுங்கள்" என்றால், அனைவர் நாவிலும் முந்தி வருவது ஏற்கெனவே பத்து மேடைகளில் கேட்ட பெயர்கள்தான். நம் நெறியாளர், அவருடைய நெறியாளர், பக்கத்துப் பல்கலைக்கழகத்துத் துறைத்தலைவர் என்று பட்டியல் ஐந்து நிமிடத்தில் நிறைந்துவிடும். அதற்கு முன்பாக, கருத்தரங்கின் ஒவ்வொரு துணைத்தலைப்புக்கும் மூன்று பெண்களின் பெயர்களை, அவர்கள் அண்மையில் எழுதிய கட்டுரையின் தலைப்போடு, நீங்கள் தனித்தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். பெயர் மட்டும் இருந்தால் "அவர் யார்?" என்ற கேள்வியோடு அது நின்றுவிடும். கட்டுரைத் தலைப்பும் இருந்தால் பேச்சு பாடத்தின் பக்கம் திரும்பும்.

பெயர்களை எங்கே தேடுவது? கடந்த ஐந்தாண்டு ஆய்விதழ்களின் பொருளடக்கம் முதலிடம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் உங்கள் தலைப்புச் சொல்லைக் கொடுத்துத் தேடினால், முனைவர் பட்டம் முடித்துவிட்டு ஏதோ ஒரு மாவட்டக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் பலருடைய ஆய்வேடுகள் கிடைக்கும். உங்கள் துறையின் முந்தைய கருத்தரங்குகளில் நல்ல கட்டுரை வாசித்தவர்களின் பெயர்கள் ஆய்வுக்கோவையிலேயே இருக்கின்றன. அன்று பத்து நிமிடம் வாசித்தவரை இன்று ஒரு மணி நேர உரைக்கு அழைக்கலாம். தமிழ்நாட்டில் 1914ஆம் ஆண்டில் தொடங்கிய ராணி மேரி கல்லூரி முதல் கொடைக்கானலின் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வரை மகளிர் நிறுவனங்களுக்குக் குறைவில்லை. ஏறக்குறைய எல்லாத் துறைகளிலும் மூத்த பெண் பேராசிரியர்களை அங்கே காணலாம். பிறகு, நீங்கள் அழைத்திருக்கும் ஆண் கருத்தாளர்களிடமே கேளுங்கள். "உங்கள் துறையில் இப்போது நன்றாக ஆய்வு செய்கிற பெண்கள் இருவரைச் சொல்லுங்கள், ஐயா" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். யாரும் கேட்காததால்தான் அவர்களும் சொல்லவில்லை.

பட்டியலைப் பார்க்கும்போது இரண்டு செய்திகளில் கவனம் வேண்டும். பெண் கருத்தாளருக்குப் பெண்ணியம், பெண் எழுத்து, சங்க காலப் பெண்பாற் புலவர்கள் ஆகிய தலைப்புகளை மட்டும் ஒதுக்கிவிட்டு, யாப்பு, கல்வெட்டு, மொழியியல், பதிப்பு வரலாறு எல்லாவற்றையும் ஆண்களுக்குக் கொடுப்பது சமநிலை ஆகாது. கல்வெட்டு படிப்பவரைக் கல்வெட்டுக்கே அழையுங்கள். இன்னொன்று, எல்லாக் கல்லூரிகளும் அதே மூன்று நான்கு புகழ்பெற்ற பெண்களையே மாறி மாறி அழைப்பது. அவர்களுக்கு ஓய்வில்லை, மற்றவர்களுக்கு வாய்ப்பில்லை. பெண்களை எண்ணும்போதே, அவர்கள் எல்லோரும் சென்னை, மதுரை, கோவையிலிருந்து மட்டும் வருகிறார்களா, ஊரகக் கல்லூரிகளிலிருந்தும் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்தும் வருபவர்கள் இருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அழைக்கும் முறை

"பெண்களை அழைத்தாலும் அவர்கள் வருவதில்லை" என்பது பரவலான நம்பிக்கை. அமெரிக்காவின் 50 பல்கலைக்கழகங்களில் நடந்த 3,652 துறைசார் உரைகளை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அழைப்பை மறுப்பதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறுபாடு இல்லை என்று கண்டது. அழைக்கப்படுவதிலேயே வேறுபாடு இருந்தது. நம் ஊரில் மறுப்புகளை நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அழைத்த விதமே காரணமாக இருந்தது.

அழைப்பைப் பெண்களிடமிருந்தே தொடங்குங்கள். வழக்கத்தில் பெரிய பெயர்கொண்ட ஆண்களை ஆறு மாதம் முன்பே அழைத்து, அவர்கள் வசதிப்படி நாளைக் குறித்துவிட்டு, கடைசி மூன்று வாரத்தில் "ஒரு மேடமும் இருந்தால் நன்றாக இருக்கும்" என்று தேடத் தொடங்குகிறோம். அந்த நேரத்தில் அழைக்கப்படுபவருக்கு, தாம் எதற்காக அழைக்கப்படுகிறோம் என்பது தொலைபேசியை எடுத்த நொடியிலேயே புரிந்துவிடும்.

பேசும்போது என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உரையாடலைச் சொல்கிறேன். தென்மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் பணியாற்றும் உதவிப் பேராசிரியர் ஒருவரை மைய உரைக்காக அழைத்தேன்.

"மேடம், நான் இன்னும் உதவிப் பேராசிரியர்தான். எங்க எச்.ஓ.டி. சாரைக் கேளுங்களேன், அவங்க நல்லாப் பேசுவாங்க."

"உங்க ரெண்டு கட்டுரையையும் படிச்சிட்டுத்தாம்மா பேசுறேன். ஓலைச்சுவடிப் பாடவேறுபாடு பத்தி நீங்க எழுதினதைத்தான் எங்க பிள்ளைங்க கேக்கணும். சார் வேற ஒரு நாள் வரட்டும்."

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு, "எவ்வளவு நேரம் பேசணும், மேடம்?" என்றார்.

அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தொலைபேசியில் பேசிய அன்றே மின்னஞ்சலில் தலைப்பு, உரை நேரம், அவையில் இருப்பவர்கள் யார், மதிப்பூதியம் எவ்வளவு, பயணச்செலவு எப்போது கையில் கிடைக்கும் என்று எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். முடிவு சொல்ல ஒரு வாரம் கொடுங்கள். வீட்டிலும் கல்லூரியிலும் கலந்துகொண்டு சொல்வதற்கு அந்த ஒரு வாரம் தேவைப்படுகிறது. அதைத் தயக்கம் என்று எண்ணி அடுத்த பெயருக்குத் தாவிவிடக் கூடாது. உறுதியாக மறுத்தால், எந்த மாதம் என்றால் வர முடியும் என்றும், இதே தலைப்பில் வேறு யாரை அழைக்கலாம் என்றும் கேட்டு இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். "மேடையில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று பார்க்கிறோம்" என்ற சொற்றொடரை மட்டும் எந்த நிலையிலும் பயன்படுத்தாதீர்கள். இருபது ஆண்டு உழைப்பை அது ஒரே வரியில் அழித்துவிடும்.

நாள், பயணம், குழந்தை

நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவிட வேண்டும் என்பதால் நம் கருத்தரங்குகள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் குவிகின்றன. அது பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக் காலம். தேர்வெழுதும் பிள்ளை வீட்டில் இருக்கும்போது வெளியூர் போகாமல் தங்கிவிடுபவர் பெரும்பாலும் தாயே. இயன்றவரை ஆகஸ்டு முதல் டிசம்பர் வரையிலான மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். நிதி தாமதமாகும் என்றால் நாளையாவது முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள்.

நீண்ட தொலைவிலிருந்து வருபவருக்கு மாலை ஆறு மணி அமர்வைக் கொடுத்துவிட்டு, இரவுப் பேருந்தில் தனியாக அனுப்பிவைப்பது முறையன்று. காலை அமர்வைக் கொடுங்கள், அல்லது பாதுகாப்பான விருந்தினர் விடுதியில் இரவு தங்க ஏற்பாடு செய்யுங்கள். நிலையத்திலிருந்து அழைத்துவரும் ஓட்டுநரின் பெயரையும் எண்ணையும் முந்தைய நாளே அனுப்புங்கள். கைக்குழந்தையோடு வருபவருடன் தாயாரோ மாமியாரோ வருவார்கள். அந்தத் துணைக்கும் பயணச்செலவு, உணவு, தங்கும் இடம் உண்டு என்பதை அவர் கேட்பதற்கு முன்பே அழைப்பு மடலில் எழுதிவிட வேண்டும். கேட்டால் தருவோம் என்று இருந்தால், கேட்கக் கூச்சப்பட்டு வராமலேயே இருந்துவிடுவார்கள். அரங்கத்துக்கு அருகில் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும், அதில் ஒரு நாற்காலியும் மின்விசிறியும் குடிநீரும் இருந்தால் போதும். ஒரு முறை நாங்கள் நூலகரின் அறையையே ஒரு நாள் முழுக்க வாங்கிக்கொண்டோம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள்படி ஒவ்வோர் உயர்கல்வி நிறுவனத்திலும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தொடர்பு எண்ணை நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் அச்சிடுங்கள்.

அச்சும் மேடையும்

அழைப்பிதழின் மெய்ப்பு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பெயருக்கு முன்னால் உள்ள பட்டம். ஆண்களெல்லாம் 'முனைவர்' என்றும், அதே பட்டம் பெற்ற பெண்கள் 'திருமதி' என்றும் அச்சாகி வருவதை எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். மேடையில் அறிமுகம் செய்யும்போதும் இது நடக்கிறது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் நடந்த மருத்துவ உரைகளைப் பற்றிய, 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், ஆண் ஒருவர் அறிமுகம் செய்தபோது ஆண் பேச்சாளர்களில் 72 விழுக்காட்டினர் 'டாக்டர்' என்று அழைக்கப்பட்டார்கள். பெண் பேச்சாளர்களுக்கு அது 49 விழுக்காடுதான். அறிமுக உரையை நீங்களே தட்டச்சு செய்து, பட்டத்தோடு, நூல்களின் பெயர்களோடு, அறிமுகம் செய்பவர் கையில் கொடுத்துவிடுங்கள். கணவர் என்ன பணியில் இருக்கிறார், குழந்தைகள் எத்தனை என்ற செய்திகள் அதில் வேண்டாம்.

அமர்வுத் தலைவரிடம் நேரக் கட்டுப்பாட்டைப் பற்றி முன்பே பேசுங்கள். தொடக்க விழா ஒரு மணி நேரம் நீண்டுவிட்டால், "மேடம் கொஞ்சம் சுருக்கமாகப் பேசிவிடுவார்கள்" என்று வெட்டப்படுவது பெரும்பாலும் முதல் அமர்வில் பேச வேண்டிய இளையவரின் நேரம். வாழ்த்துரைகள் அப்படியே இருக்கும். வாழ்த்துரைகளை மூன்று நிமிடத்துக்கு மேல் போகவிடாமல் நிறுத்துவது இதற்கு நல்ல மருந்து. பெண் கருத்தாளர்கள் எல்லோரையும் மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வுகளில் கொண்டுபோய் வைக்க வேண்டாம்.

வினா நேரத்தையும் விட்டுவிடக் கூடாது. பத்து நாடுகளில் 35 நிறுவனங்களில் நடந்த 247 கருத்தரங்க உரைகளை உற்றுநோக்கி 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அவையில் இருந்த பெண் ஒருவர் கேள்வி கேட்பதற்கான வாய்ப்பு ஆணைவிட இரண்டரை மடங்கு குறைவாக இருந்தது. முதல் கேள்வியை ஆண் கேட்ட இடங்களில் இந்த வேறுபாடு கூடியது. அமர்வுத் தலைவரிடம் முதல் கேள்வியை ஒரு மாணவிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒலிவாங்கியை முன்வரிசையில் விடாமல் அவை நடுவே நகர்த்துங்கள்.

கட்டுரை அழைப்பு வழியாக வருபவர்கள்

வெளிப்படையாகக் கட்டுரைகளைக் கோரும் நிகழ்ச்சி என்றால், பெயரை மறைத்து மதிப்பிடுவது நல்லதுதான். ஆனால் அனுப்பாதவர்களை அது கொண்டுவராது. பைத்தான் நிரலாளர்களின் அமெரிக்க மாநாடான பைகானில் 2011ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஒருவராக இருந்த பெண் பேச்சாளர்கள் 2016இல் நாற்பது விழுக்காடாக ஆனார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அமைப்பாளர்கள் செய்த முதன்மையான வேலை, பெண்களைத் தேடித் தேடித் தனித்தனியே மடல் எழுதி அனுப்பச் சொன்னதும், முன்மொழிவு எழுத உதவியதும்தான். நம் துறைகளில் இதற்கு இணையாகச் செய்யக்கூடியது, சுருக்கம் எழுதுவது எப்படி என்று ஆய்வாளர்களுக்கு ஒரு மாலை நேரம் ஒதுக்கிச் சொல்லித் தருவது.

கூட்டத்தில் வரும் மறுப்புகள்

"தகுதியைப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். பார்க்கத்தான் வேண்டும்; அதற்காகத்தான் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கட்டுரைத் தலைப்பை எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்தத் தாளை நடுவில் வைத்து, முன்மொழியப்பட்ட ஆண்களுக்கும் அதே தகவலைக் கேளுங்கள். "நம் ஊரில் பெண்கள் மேடையேறத் தயங்குவார்கள்" என்பார்கள். 1938ஆம் ஆண்டு நவம்பர் 13 அன்று சென்னையில் நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நீலாம்பிகை அம்மையார், ஈ.வெ.ராவுக்குப் 'பெரியார்' என்ற பட்டத்தை அளித்த மாநாடு அது. அன்று பேசியவர்களின் பேத்திகள் இன்று மேடையேறத் தயங்குகிறார்கள் என்றால், தடை அவர்களிடம் இல்லை.

மூத்தவர் ஒருவரின் பெயரை நீக்க வேண்டி வந்தால் அதைக் கூட்டத்தில் பேச வேண்டாம். அவரிடம் தனியே சென்று, அமர்வுத் தலைமையை ஏற்றுக்கொள்ளக் கேளுங்கள். நான் கேட்டவர்களில் மூவர் தம் இடத்தைத் தம் மாணவிக்கே கொடுத்தார்கள்.

முடிந்த பிறகு

நிகழ்ச்சி முடிந்த வாரத்திலேயே, அச்சிட்ட நேரத்தை விட்டுவிட்டு ஒவ்வொருவரும் உண்மையில் பேசிய நிமிடங்களை எண்ணி எழுதுங்கள். மதிப்பூதியம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் போனதா, பயணச்செலவு அனைவருக்கும் சேர்ந்துவிட்டதா என்று சரிபாருங்கள். பேசியவர்களுக்கு உரையின் ஒலிப்பதிவையும் இரண்டு ஒளிப்படங்களையும் அனுப்புங்கள். அடுத்த அழைப்பு அவர்களுக்கு வர அது உதவும். இந்த எண்களோடு, இந்த முறை வர இயலாதவர்களின் பெயர், ஆய்வுத் தலைப்பு, அவர்கள் சொன்ன மாதம், அவர்கள் பரிந்துரைத்த பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, கோப்பின் முதல் பக்கமாகக் கோத்து, அடுத்த ஆண்டு ஒருங்கிணைப்பவரிடம் நேரில் கொடுங்கள். அவர் தேநீரோடு உட்கார்ந்து முதல் பத்துப் பெயர்களை எழுதும்போது அந்தத் தாள் மேசை மேல் இருக்க வேண்டும்.